நாட்டுக்குள் போக முடியாது... ஆனாலும் படம் எடுத்தார்! யார் இந்த செபிதே ஃபார்சி?

ஒரு ஊருக்குள் போகவே வழியில்லை. ஆனால் அந்த ஊரைப் பற்றித்தான் படம் எடுக்க வேண்டும். என்ன செய்வது? ஈரானில் பிறந்து பாரிஸில் வாழும் இயக்குநரும் தயாரிப்பாளருமான செபிதே ஃபார்சி, இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஒரு புது வழி கண்டுபிடித்தவர். ஆவணப்படம், அனிமேஷன் என இரண்டிலும் உலக விழாக்களில் பேசப்பட்டவர்.

கணிதம் படிக்கப் போனவர்

1965-ல் டெஹ்ரானில் பிறந்தார். 1979-ல் ஈரானில் புரட்சி நடந்தபோது பள்ளி மாணவி. புதிய ஆட்சியை எதிர்த்ததற்காகப் பதின்ம வயதிலேயே சிறைக்குப் போக வேண்டியிருந்தது. 1984-ல் பாரிஸுக்குப் போய்க் கணிதம் படித்தார். ஆனால் மனம் போனது புகைப்படத்தின் பக்கம். அங்கிருந்து சினிமா.

கேமராவுக்குப் பதில் செல்போன்

ஈரானில் படம் எடுக்க அரசின் அனுமதி வேண்டும். பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால் கேள்வி வரும். செல்போனை யார் கண்டுகொள்ளப் போகிறார்கள்? நோக்கியா போனிலேயே டெஹ்ரான் மக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்தார். படத்தின் பெயரே 'டெஹ்ரான் வித்தவுட் பெர்மிஷன்', அதாவது 'அனுமதி இல்லாத டெஹ்ரான்'. 2009-ல் லொகார்னோ திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

அதே ஆண்டுதான் ஈரானில் அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அதன்பிறகு ஃபார்சியால் சொந்த நாட்டுக்குத் திரும்ப முடியவில்லை.

ஏன் அனிமேஷன்?

1980 செப்டம்பரில் ஈரான் - ஈராக் போர் வெடித்தது. உலகின் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் ஒன்றைக் கொண்டிருந்த அபாதான் நகரத்தை ஈராக் படைகள் முற்றுகையிட்டன. இந்தக் கதையைத்தான் ஃபார்சி எடுக்க நினைத்தார். ஈரானுக்குள் போய் ஷூட்டிங் நடத்த முடியாது. போருக்கு முந்தைய அபாதானும் இப்போது இல்லை. அதனால் நகரத்தையே வரைந்து எழுப்பினார்.

அப்படி உருவானதுதான் 'தி சைரன்'. ஊரே காலியாகும்போது, தாத்தாவோடு அங்கேயே தங்கிவிடும் 14 வயது சிறுவன் ஓமித்தின் கதை. பிரெஞ்சில் 'சைரன்' என்ற சொல்லுக்குக் கடல்கன்னி, அபாயச் சங்கு என இரண்டு பொருளும் உண்டு. 2023 பெர்லின் விழாவில் பனோரமா பிரிவின் தொடக்கப் படமே இதுதான்.

காஸா: வீடியோ காலில் ஒரு படம்

2024-ல் காஸா போரைப் படமாக்க கெய்ரோ வரை போனார். எல்லையைத் தாண்ட முடியவில்லை. அங்கே சந்தித்த ஒரு பாலஸ்தீன அகதி மூலம் அறிமுகமானவர், காஸாவில் இருந்த இளம் புகைப்படப் பத்திரிகையாளர் பாத்திமா ஹசூனா. இருவரும் மாதக்கணக்கில் வீடியோ காலில் பேசினார்கள். ஒரு போனில் ஹசூனா பேச, அந்தத் திரையை இன்னொரு போனால் படம்பிடித்தார் ஃபார்சி. சிக்னல் விட்டுவிட்டு வருவதும், பேச்சு பாதியில் அறுந்துபோவதும் படத்தில் அப்படியே இருக்கின்றன. 'உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நட' என்ற பொருள் வரும் தலைப்பு, ஹசூனா சொன்ன வார்த்தையிலிருந்து வந்தது.

2025 ஏப்ரல் 15: கேன்ஸில் நடக்கும் ஆசிட் பிரிவுக்குப் படம் தேர்வானதாக அறிவிப்பு வந்தது. கேன்ஸ் வரச் சம்மதித்த ஹசூனா, விழா முடிந்ததும் காஸாவுக்கே திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

ஏப்ரல் 16: அவரது வீட்டின் மீது இஸ்ரேல் நடத்திய வான்வழித் தாக்குதலில், குடும்பத்தினர் பலரோடு ஹசூனா கொல்லப்பட்டார். வயது 25. ஹமாஸ் உறுப்பினர் ஒருவரையே குறிவைத்ததாக இஸ்ரேல் ராணுவம் கூறியது.

அடுத்த மாதம் கேன்ஸ் தொடக்க விழா மேடையில், நடுவர் குழுத் தலைவர் ஜூலியட் பினோஷ் ஹசூனாவுக்கு அஞ்சலி செலுத்தினார். திட்டமிட்டபடி படம் திரையிடப்பட்டது. ஃபார்சியால் காஸாவுக்குள் போக முடியவில்லை, ஹசூனாவால் வெளியே வர முடியவில்லை. இருவரும் பேசியது மட்டும் படமாக உலகம் சுற்றுகிறது.