வேதாளம் கேட்காத கேள்விகள்

வினாடி வினாப் போட்டிகளுக்கென்று அச்சிட்டு விற்கப்படும் சிறு நூல்களை மாணவர்கள் பலர் கையில் வைத்திருப்பதைக் காண்கிறோம். அவற்றிலே திரைப்பட விருதுகள், மாயக் கதைகள், செவ்வியல் இசை என்னும் மூன்று பகுதிகள் பெரும்பாலும் தவறுவதில்லை. ஒரு வரியில் வினா. ஒரு சொல்லில் விடை. பரிசு பெற்றவர் இன்னார், பெற்ற ஆண்டு இன்னது என்று மனப்பாடம் செய்துவிட்டால் போட்டியில் வெற்றி பெறலாம். அதனைக் குறை கூறுவதற்கு யான் முற்படவில்லை. நினைவாற்றலும் ஓர் ஆற்றலே. ஆயினும் அந்த ஒரு சொல் விடைக்குப் பின்னால் ஒரு சீமையின் சரித்திரமே மறைந்து கிடப்பதும் உண்டு. நம் செட்டிநாட்டையே எடுத்துக்கொண்டு அதனைச் சற்றே ஆராய்வோம்.

முதல் வினா இது: சங்கீத நாடக அகாதெமியின் விருதுப் பட்டியலில் முதன்முதலாக இடம்பெற்ற இசைவாணர்கள் யாவர்? 1952ஆம் ஆண்டுக்குரிய அந்தப் பட்டியலில் நால்வர் காணப்படுகின்றனர். இந்துஸ்தானி வாய்ப்பாட்டுக்கு உஸ்தாத் முஷ்தாக் உசேன் கான். இந்துஸ்தானி வாத்தியத்துக்கு உஸ்தாத் அலாவுதீன் கான். கருநாடக வாய்ப்பாட்டுக்கு அரியக்குடி இராமாநுஜ ஐயங்கார். கருநாடக வாத்தியத்துக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். வினாடி வினா நூல் இவ்வளவோடு நின்றுவிடும். (அகாதெமியைக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தது 1953 ஜனவரி 28ஆம் நாள். பட்டியலோ 1952இலேயே தொடங்குகிறது. வினாத்தாள் தயாரிப்போர் இதனைக் கவனிப்பது நன்று.)

இனி, இந்த நான்கு பெயர்களையும் ஒரு தேசப்படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். முஷ்தாக் உசேன் கான் இராம்பூர் நவாபின் அவையைச் சேர்ந்தவர். அலாவுதீன் கான் மைஹர் அரசரின் அவை வித்துவான். இவ்விருவரும் மன்னர் நிழலில் வாழ்ந்தவர்கள். மற்ற இருவரோ காரைக்குடி என்ற ஓர் ஊரையும் அதனை ஒட்டிய அரியக்குடி என்ற சிற்றூரையும் தம் பெயருக்கு முன்னே தாங்கியவர்கள். பரந்த பாரத நாட்டில் நால்வரைத் தேர்ந்தெடுத்தபோது அவர்களில் இருவர் நடந்து சென்றுவரக்கூடிய தொலைவிலுள்ள இரண்டு ஊர்களுக்கு உரியவராய் அமைந்தது தற்செயலோ? இதுவே நாம் கேட்கவேண்டிய வினா என்பேன்.

விடையைத் தேடுமுன் 1952ஆம் ஆண்டு எத்தகைய காலம் என்பதை நினைவுகூர்தல் வேண்டும். விடுதலைக்குப் பின் சுதேச சமஸ்தானங்கள் ஒவ்வொன்றாக இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. நமக்கு அண்டையிலுள்ள புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் மாதத்தில் இணைந்தது. அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் பிறந்தது. இராமநாதபுரம், சிவகங்கை முதலிய பழைய ஜமீன்கள் அச்சட்டத்தால் முடிவெய்தின. குடியானவர்க்கு அது நற்செய்தி. அதில் ஐயமில்லை. ஆனால் அந்த அரண்மனைகளை நம்பியிருந்த பாடகர்க்கும் வைணிகர்க்கும் மிருதங்கக்காரர்க்கும் படியளப்பவர் யார் என்ற கேள்வி அன்று எழுந்தது. மன்னர் இருந்த இடத்தில் அரசாங்கம் வந்து அமர்ந்தது. சால்வையும் பொற்காசும் கொடுத்த கை மறைந்து, விருதும் பட்டயமும் கொடுக்கும் கை தோன்றியது. அகாதெமி விருதை இந்த மாற்றத்தின் ஓர் அடையாளமாகவே சரித்திர மாணவன் காணவேண்டும்.

செட்டிநாட்டுக்கு வருவோம். இங்கே மன்னர் அவை இல்லை. புரவலர்கள் நகரத்தார். பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் கொண்டுவிற்று ஈட்டிய பொருளைக் கோயில் திருப்பணிக்கும் கல்விக்கும் வாரி வழங்கியவர்கள் அவர்கள். திருமணங்களிலும் குடமுழுக்குகளிலும் அவர்கள் நடத்திய கச்சேரிகளுக்காக இந்தச் சீமையை நாடி வராத பெரிய வித்துவான் அரியர். இதே மரபில் வந்த கானாடுகாத்தான் இராஜா சர் அண்ணாமலை செட்டியாரே 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றக் காரணராய் இருந்தவர்.

அந்தச் செல்வம் என்றும் ஒரே நிலையில் இருக்கவில்லை. 1937இல் பர்மா இந்தியாவினின்று தனியே பிரிக்கப்பட்டது. 1942இல் ஜப்பானியப் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றியபோது, கணக்குப் புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு கால்நடையாக மலைகளைக் கடந்து வந்தோர் பலர். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் அங்கிருந்த நிலங்களும் கைவிட்டுப் போயின. ஆகவே 1952ஆம் ஆண்டு புதுக்கோட்டை அரண்மனைக்கு மட்டுமன்று, காரைக்குடி வளவுகளுக்கும் ஒரு முடிவுக் காலமாகவே இருந்தது. விருது இந்தச் சீமைக்கு வந்து சேர்ந்ததும், விருந்து குறைந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில் என்பதை மறத்தல் ஆகாது.

அரியக்குடியார் 1890இல் பிறந்தவர். புதுக்கோட்டை மலையப்ப ஐயரிடமும் நாமக்கல் நரசிம்ம ஐயங்காரிடமும் பயின்று, பின்னர் இராமநாதபுரம் சமஸ்தான வித்துவானாகிய பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரிடம் குருகுலவாசம் செய்தார். அவர் செய்த பெரும்பணி கச்சேரியின் அமைப்பை ஒழுங்கு செய்தது. அரண்மனையில் ஒரே இராகத்தை மணிக்கணக்காக விரித்தாலும் கேட்பதற்கு மன்னருக்கும் அவையோருக்கும் பொழுது இருந்தது. சீட்டு வாங்கிக்கொண்டு சபாவில் வந்து அமரும் வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் அவ்வளவு பொழுது ஏது? வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான சில கீர்த்தனங்களைப் பாடி, விரிவான உருப்படிக்கும் இராகம் தானம் பல்லவிக்கும் சென்று, பிறகு சிறிய உருப்படிகளில் இறங்கி முடிக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். இன்று மேடையேறும் பாடகர் பெரும்பாலோர் அவர் வகுத்த பாதையிலேயே செல்கின்றனர். ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரங்களுக்கும் இசையமைத்தவர் அவரே. 1938இல் சங்கீத கலாநிதி, 1958இல் பத்ம பூஷண், 1967இல் மறைவு. இவ்வளவும் வினாடி வினா நூலில் கிடைக்கும். அரண்மனை இசை பொதுமக்கள் இசையாக மாறிய கதையில் அவர் ஒரு பாலம் என்பது மட்டும் அதில் கிடைக்காது.

காரைக்குடி சகோதரர்களின் கதை வேறு வகை. சுப்பராம ஐயர் மூத்தவர். சாம்பசிவ ஐயர் 1888இல் பிறந்த இளையவர். புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் தலைமுறை தலைமுறையாக வீணை பயின்று வந்த குடும்பம் அது. சகோதரர் இருவரும் காரைக்குடியில் குடியேறி, அவ்வூரின் பெயராலேயே நாடெங்கும் அறியப்பட்டனர். மூத்தவர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார். இளையவர் வழக்கம்போல மடியில் கிடத்தி வாசிப்பார். இரு வீணைகளும் ஒன்றாக ஒலிக்க, புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை பக்கவாத்தியம் வாசித்த கச்சேரிகளைப் பற்றி முதியோர் வியந்து கூறுவர். தமையனாரின் மறைவுக்குப் பின் சாம்பசிவ ஐயர் தனித்து வாசித்தார். பின்னாளில் அடையாற்றுக் கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராயிருந்து 1958இல் காலமானார். குழந்தைப் பருவத்திலேயே அவர் இல்லத்தில் தங்கிக் குருகுல முறையில் கற்ற இரங்கநாயகி இராஜகோபாலன் அம்மையார் அந்தப் பாணியை 2018 வரை வாழ்ந்து காத்தார். மாணவர்களே, ‘காரைக்குடிப் பாணி’ என்ற சொல்லை இனிக் கேட்கும்போது, அது பலகாரத்தைப் பற்றிய பேச்சன்று என்பதையும் நினைவிற் கொள்க!

மாயக் கதைகளுக்கு வருவோம். அயல்நாட்டு மந்திரவாதிகளின் பெயர்களை மாணவர்கள் தடையின்றி ஒப்பிக்கிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் வினாவையே உயிராகக் கொண்ட மாயக் கதை நம்மிடத்தில் உண்டு. காசுமீரத்துச் சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் தொகுத்த கதாசரித்சாகரத்திலே வேதாளம் கூறும் இருபத்தைந்து கதைகளும் அடங்கியிருக்கின்றன. தமிழில் அவை பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையாகத் திண்ணைதோறும் படிக்கப்பட்டன. பின்னர் அம்புலிமாமா இதழில், ஓவியர் சங்கர் தீட்டிய படங்களோடு மாதந்தோறும் வெளிவந்து இரண்டு மூன்று தலைமுறைக் குழந்தைகளைக் கட்டிப்போட்டன. 1947இல் தொடங்கிய அந்த இதழ் இப்போது இல்லை.

வேதாளம் எத்தகைய வினாவைக் கேட்கிறது? ‘அந்த அரசன் பெயர் என்ன? எந்த ஆண்டில் முடி சூடினான்?’ என்று அது கேட்பதே இல்லை. ‘இந்த மூவரில் மேலானவன் எவன்? குற்றம் யாரைச் சாரும்?’ என்றே கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் வேதாளம் மீண்டும் மரமேறும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வினா விடுக்கும் முறையைத் தனிப்பாடமாகவே கற்பிப்பார்கள். நினைவை அளக்கும் வினா, சிந்தனையைக் கிளறும் வினா என்று அதனை வகுத்துரைப்பார்கள். இரண்டாம் வகைக்கு வேதாளத்தினும் சிறந்த ஆசிரியரை யான் இன்றுவரை கண்டதில்லை.

அந்த வேதாளம் காரைக்குடிக்கும் வந்தது. 1907இல் இவ்வூரில் பிறந்த ஏ. வி. மெய்யப்ப செட்டியாரின் குடும்பம் இசைத்தட்டு விற்பனையில் ஈடுபட்டிருந்தது. அதிலிருந்து அவர் படத் தொழிலுக்குச் சென்றார். 1945இல் ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கியபோது, உலகப் போரின் விளைவாகச் சென்னையில் மின்சார வசதி பெறுவது அரிதாயிருந்தமையால், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை அமைத்து, நடிகர்களையும் கலைஞர்களையும் இங்கே அழைத்துவந்து தங்கவைத்தார். 1947 ஜனவரியில், நாடு விடுதலை பெறுவதற்கு ஏழு திங்கள் முன்னரே, ‘நாம் இருவர்’ வெளிவந்தது. பாரதியார் பாடல்களை அப்படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடினார். அப்பாடல்களின் இசைத்தட்டு உரிமையை விலைகொடுத்து வாங்கியிருந்த மெய்யப்பர் பின்னர் அதனை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். 1919இல் பாரதியார் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்திருந்தார். அவர் கால் பட்ட ஊரின் கொட்டகையிலேயே அவர் பாடல் படமானது எனக்கு ஒரு தனி இன்பம் தரும் செய்தி.

அடுத்த ஆண்டில் ‘வேதாள உலகம்’ வந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவிய மாயக் கதை அது. டி. ஆர். மகாலிங்கம் நடித்தார், லலிதா, பத்மினி சகோதரியர் ஆடினர். செட்டிநாட்டுப் பொட்டல் வெளியில் வேதாளங்களின் உலகத்தை மரச்சட்டமும் துணியும் சுண்ணமும் கொண்டு எழுப்பிய தச்சர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. 1948இல் படப்பிடிப்பு நிலையம் சென்னைக் கோடம்பாக்கத்துக்குப் பெயர்ந்தது. அத்துடன் காரைக்குடியின் படத்தொழில் முடிந்தது. பெயராதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று வேதாளம்போல் கேட்டுப் பார்க்கலாம். விடை கூற விக்கிரமாதித்தன்தான் வேண்டும்.

திரைப்பட விருதுகளை நடுவண் அரசு 1954இல் தொடங்கியது. அவ்வாண்டில் வெளிவந்த ஏவி.எம். நிறுவனத்தின் ‘அந்த நாள்’ நற்சான்றிதழ் பெற்றது. இசைத்தட்டு விற்ற குடும்பத்தார் எடுத்த அந்தப் படத்தில் பாடல் ஒன்றுகூட இல்லை என்பது வேடிக்கை. அதனை இயக்கிய எஸ். பாலசந்தரோ சிறந்த வீணை வித்துவான் என்பது அதனினும் வேடிக்கை. ஒரு வைணிகர் பாட்டில்லாப் படம் எடுத்துப் பரிசு பெற்றார்!

பாடலாசிரியர்க்கென்று அவ்விருதுகளில் ஒரு பிரிவு முதன்முதலில் ஏற்பட்டது 1968ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். ‘குழந்தைக்காக’ என்னும் படத்தின் பாடலுக்காக அதனை முதலில் பெற்றவர் கவிஞர் கண்ணதாசன். காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியில் 1927இல் பிறந்தவர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். 1949இல் ‘கன்னியின் காதலி’யில் முதற்பாடல் எழுதியவர். 1980இல் ‘சேரமான் காதலி’க்குச் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபம் உண்டு.

இனி 1952ஆம் ஆண்டுப் பட்டியலை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காரைக்குடி சகோதரர் இருவரில் ஒருவர் பெயரே அதில் இருக்கிறது. வீணையை நிறுத்தி வாசித்த சுப்பராம ஐயர், விருது என்பது தோன்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார். ஆதலால் எந்த வினாடி வினாவிலும் அவர் விடையாக வருவதில்லை.