வேலிச் செம்பருத்தி வந்த வழி



நெல்லைப் பற்றியும் உளுந்தைப் பற்றியும் எவ்வளவோ பேசியாகிவிட்டது. இன்றைக்குக் கொல்லை வேலியில் நிற்கிற செம்பருத்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். "இதிலே பேச என்ன இருக்கு, கிள்ளி வச்சா வளருது" என்பீர்கள். அந்தக் கிள்ளி வைப்பதில்தான் சங்கதியே இருக்கிறது.

பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். செங்கல்லால் கட்டிய வட்டமான கட்டடம். மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பார்கள். நெல்லுக்கு அந்த வசதி உண்டு. காயவைத்துக் கொட்டி வைத்து, அடுத்த பட்டத்துக்கு எடுத்து விதைக்கலாம். நம் ஐந்திதழ்ச் சிவப்புச் செம்பருத்தியை அப்படிச் சேமித்து வைக்க வழியில்லை. அது விதை பிடிப்பதே அபூர்வம். உங்கள் வீட்டுச் செடியில் காய் பார்த்த ஞாபகம் உண்டா, யோசித்துப் பாருங்கள். பூ காலையில் விரியும், சாயங்காலம் சுருளும், மறுநாள் காம்போடு உதிரும். அவ்வளவுதான். அப்படியானால் இன்று நிற்கிற ஒவ்வொரு செடியும் வேறொரு செடியின் குச்சி. அது இன்னொன்றின் குச்சி. இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம்.

எவ்வளவு தூரம் போகலாம்? கொச்சியில் டச்சுக்காரர்களின் தலைவராக இருந்த வான் ரீடு என்பவர், இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியரையும் மற்றவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு, மலையாளக் கரைச் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு பாகத்தில் ஒரு பெரிய நூல் செய்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. 1679-இல் வந்த இரண்டாம் பாகத்தில் நம் செம்பருத்தி படத்தோடு இருக்கிறது. பெயரும் ஏறக்குறைய நாம் சொல்கிற மாதிரியே, 'செம்பரிதி' என்று. பருத்தி, வெண்டை, பூவரசு, துத்தி எல்லாம் இதற்குப் பங்காளிகள். ஆகவே சிவந்த பருத்தி என்று பேர் வைத்த நம் முன்னோர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. 1753-இல் லின்னேயஸ் இதற்கு 'சீன ரோஜா' என்று பொருள்படும் லத்தீன் பெயர் சூட்டினார். எனக்கென்னவோ நம் பெயரே மேல் என்று படுகிறது.

ஆனால் சீனாவிலும் சரி, இந்தியாவிலும் சரி, எந்தக் காட்டிலும் இது தானாக முளைத்து நின்றதை யாரும் கண்டதில்லை. அண்மைக் காலத்து மரபணு ஆராய்ச்சி செய்தவர்கள், இது இரண்டு சாதி கலந்து பிறந்த செடி என்கிறார்கள். ஒரு பெற்றோர் பசிபிக் கடலில் வனுவாட்டுத் தீவுகளைச் சேர்ந்தது, மற்றது டஹிட்டிப் பக்கத்துச் செடி. நடுவில் ஆயிரக்கணக்கான மைல் கடல். படகில் போன தீவு மக்கள் கூடவே செடியையும் எடுத்துப் போயிருந்தால்தான் இரண்டும் சேர்ந்திருக்க முடியும். கோவேறு கழுதை குட்டி போடாதது மாதிரி, கலப்பில் பிறந்த செடிக்கு விதை பிடிக்காமல் போவதும் புதிதல்ல.

இத்தனைக்கும் இந்தப் பூவின் அமைப்பு பறவைக்காக ஏற்பட்டது. பளிச்சென்ற சிவப்பு, பகலில் மலர்ச்சி, வாசனை கிடையாது, அடியில் தேன். நம் ஊரில் தேன்சிட்டு காலை வேளையில் வரும். கிளையில் உட்கார்ந்து, பூவின் அடிப்பக்கத்தில் வளைந்த மூக்கால் குத்தித் தேனை எடுத்துவிடும். மகரந்தத்தைத் தொடுவதுகூட இல்லை. திருட்டுத்தான், ஆனால் பார்க்க அழகு! அமெரிக்கக் கண்டங்களில் தேன்சிட்டு கிடையாது. அங்கே ஹம்மிங் பறவை என்று ஒன்று, கட்டைவிரல் பருமன்தான் இருக்கும், அந்தரத்தில் நின்றபடியே சிறகடித்துத் தேன் குடிக்கும். செம்பருத்தி கப்பலேறி அந்தப் பக்கம் போனதும், முன்பின் பார்த்திராத இந்தப் பூவுக்கு அந்தப் பறவையும் வந்து சேர்ந்தது. குளிர் நாடுகளில் உறைபனி பட்டால் செடி கருகிவிடும். கண்ணாடி வீட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் இதழைக் கசக்கிச் சப்பாத்துக்குக் கறுப்பு ஏற்றியதால் 'ஷூ பிளவர்' என்று ஒரு பேர் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போன நம் ஜில்லாக்காரர்கள் அங்கேயும் வேலியில் இதே பூவைப் பார்த்தார்கள். 1960-இல் அந்த நாடு இதைத் தேசிய மலராக வைத்துக்கொண்டது.

குச்சியோடு பூச்சியும் ஊர் மாறும். நம் பக்கத்து இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி 1994-இல் கரீபியன் கடலிலுள்ள கிரெனடாத் தீவில் தென்பட்டு, அங்கே செம்பருத்தி வேலிகளை நாசம் செய்தது. 2008-இல் அந்தப் பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி கோயம்புத்தூரில் தலைகாட்டி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளியோடு செம்பருத்தியையும் பிடித்தது. நீங்களே பார்த்திருப்பீர்கள்: நுனி சுருண்டு, வெள்ளைப் பஞ்சு அப்பினமாதிரி. மருந்தடித்து மாளவில்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெங்களூரிலுள்ள மத்திய அரசின் பூச்சி ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கி விட்ட பிறகுதான் அடங்கியது. இப்போதும் மாவுப்பூச்சி கண்டால் நுனியை ஒடித்து எரியுங்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். கடும் விஷம் அடித்தால் அந்தக் குளவியும் சாகும், தேன்சிட்டுக்கும் ஆகாது.

ஆடுதுறை 27 நெல் 1960-களில் வானொலி வழியாகவே பரவியதால் 'ரேடியோ நெல்' என்று பேர் வாங்கியது. செம்பருத்திக்கு ரேடியோவும் இல்லை, டிப்போவும் இல்லை. "அக்கா, ஒரு குச்சி குடுங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டதில்தான் அது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. இப்போது வேலி போய்ச் சுவர் வருகிறது. தொட்டியில் அடுக்குப் பூவும் மஞ்சளும் வாங்கி வைக்கிறோம். அவையும் இருக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் தலைக்கு எண்ணெய் காய்ச்ச, சாமிக்குச் சாத்த என்று நாம் தேடுகிற பழைய ஐந்திதழ்ச் செடி ஒரு தெருவில் கடைசியாகப் பிடுங்கப்பட்டால், எந்தக் குதிரிலும் அதற்கு விதை இராது.

ஆகவே சுவர் எழுப்புவதற்கு முன்னாலேயே குச்சி எடுத்துவிடுங்கள். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்து நாலு மழை பெய்ததும் தோது. பென்சில் கனத்தில் முற்றின குச்சி, ஒரு சாண் நீளம். கணுவுக்குக் கீழே சாய்த்து வெட்டி, உச்சியில் இரண்டு இலை மட்டும் விட்டுவிட்டு நிழலில் நடுங்கள். நம் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மணலும் மக்கின எருவும் கலந்து மேடு கட்டிக்கொள்ளுங்கள். ஐந்தாறு குச்சி நட்டால் இரண்டு மூன்று தவறிப்போகலாம். பிழைத்ததில் ஒன்றை அடுத்த தெருவில் கொடுத்து வையுங்கள். உங்கள் செடியைப் பூச்சி கொண்டுபோனால் அங்கே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் மொட்டு வந்தால் ஆசைப்படாமல் நுனியோடு கிள்ளிவிடுங்கள், பக்கக் கிளை அடித்துப் புதராக வரும்.