300 ஐ 450 ஆக்கியவர்கள்

1998 ஓகஸ்டில் இன்டெல் 'செலரோன் 300ஏ' எண்ட மலிவான புரொசசரை விட்டது. விலை 149 டொலர். அதே மாதம் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2 க்கு 669 டொலர்.

காசில்லாத பெடியள் கணக்குப் பார்த்தார்கள். செலரோனின் பெருக்கி 4.5, அதை இன்டெல் பூட்டி வைத்திருந்தது. ஆனால் மதர்போர்டின் பஸ் வேகத்தை 66 இலிருந்து 100 ஆக்கலாம். 4.5 தர 100, விடை 450!

ஓவர்குளொக்கிங் பழக நினைக்கிற எங்களுக்கு இதுவே முதல் பாடம். வேகம் ஒன்றரை மடங்கானால் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவு கூடும். வோல்டேஜ் அப்படியில்லை, அது வர்க்கக் கணக்கு. 2.0 ஐ 2.2 ஆக்கினால் கூடுவது 10 வீதம். சூடோ 21 வீதம். அதனால் முதலில் வேகத்தை மட்டும் கூட்டி, கணினி தொங்காமல் ஓடுதா எண்டு பார்க்கவேணும். ஏலாவிட்டால்தான் வோல்டேஜ், அதுவும் கொஞ்சங்கொஞ்சமாக. நல்ல ஹீட்சிங், விசிறி, இடையில் மெல்லிசாய்ப் பூசிய வெப்பப்பசை இல்லாமல் தொடவே கூடாது.

பிறகு இன்டெலே அதே வகைச் சிப்பை 533 வரைக்கும் விற்றது. அப்ப 300 என்பது சிப்பின் எல்லையா, விலைப்பட்டியலின் எல்லையா? பெட்டியில் அச்சடித்த எண்ணை நாங்கள் இனியும் அப்படியே நம்பவேணுமா?