உராய்வு நிலைப்புத்தன்மை ஆய்வின் வரலாறு

ஒன்றோடொன்று உரசும் இரு பரப்புகள் சீராக நழுவுமா, அதிர்ந்து விட்டுவிட்டு நகருமா என்பதை ஆராய்வது உராய்வு நிலைப்புத்தன்மை ஆய்வு ஆகும். பிரேக்கின் கீச்சொலி, வயலின் தந்தியின் இசை, நிலநடுக்கம் ஆகிய மூன்றும் இதன் எல்லைக்குள் அடங்கும்.

தொடக்கத்தில் உராய்வின் அளவே ஆராயப்பட்டது. உராய்வு விசை சுமைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்று பிரான்சைச் சேர்ந்த அமோந்தோன் 1699-இல் கூறினார். பரப்புகள் தொட்டபடி ஓய்வில் இருக்கும் நேரம் கூடினால் நிலை உராய்வும் கூடலாம் என்பதைக் கூலோம் 1785-இல் வெளியிட்டார். மசகிட்ட தாங்கிகளில் வேகம் உயரும்போது உராய்வு முதலில் குறைந்து, பின்னர் கூடுவதை ஜெர்மனியின் ஸ்ட்ரிபெக் 1902-இல் அளந்து காட்டினார்.

வேகம் கூடும்போது உராய்வு குறைவதே நிலையின்மைக்கு ஒரு முக்கியக் காரணம். வில்லால் இழுக்கப்படும் பொருள் சற்றே விரைந்தால் தடை குறைகிறது. அதனால் அது மேலும் விரைகிறது. பிறகு வில் தளர்வதால் நின்றுவிடுகிறது. வில் மீண்டும் இழுபட, இதே சுழற்சி தொடர்கிறது. இவ்வாறு தாமே நிலைத்து நிற்கும் அதிர்வுகளை, புவான்காரேயின் 'எல்லைச் சுழற்சி' என்னும் கணிதக் கருத்துடன் சோவியத் அறிஞர் ஆந்திரோனோவ் 1929-இல் இணைத்தார். கேம்பிரிட்ஜில் பௌடனும் லெபெனும் 1939-இல் உலோகப் பரப்புகள் ஒட்டி நழுவுவதைச் சோதனையில் பதிவு செய்தனர்.

நிலநடுக்கத்தின் காரணமும் பாறைகளின் ஒட்டி நழுவலாக இருக்கலாம் என்று பிரேஸும் பயர்லியும் 1966-இல் முன்மொழிந்தனர். உராய்வு வேகத்தை மட்டுமன்றித் தொடுகையின் முன்வரலாற்றையும் சார்ந்தது என்பதை டீட்ரிக் 1979-லும் ருயினா 1983-லும் சமன்பாடுகளாக வகுத்தனர். வேகத்துடன் உராய்வு குறையும் பரப்புகளில், இழுக்கும் அமைப்பின் விறைப்பு ஒரு மாறுநிலை அளவுக்குக் கீழே சென்றால் சீரான நழுவல் குலையும் என்பது இவற்றிலிருந்து பெறப்பட்டது. எனவே நிலைப்புத்தன்மை பரப்பின் பண்பு மட்டுமன்று. பரப்பும் அதைத் தாங்கும் அமைப்பும் சேர்ந்த பண்பாகும். வில்களால் இணைத்த ஒரே வகைக் கட்டைகளின் வரிசையிலும் ஒழுங்கற்ற நழுவல்கள் தோன்றும் என்பதை கார்ல்சனும் லாங்கரும் 1989-இல் கணினிவழிக் காட்டினர்.

தேய்மானம் இச்சிக்கலை மேலும் கடினமாக்குகிறது. ஆர்ச்சர்டு 1953-இல் வெளியிட்ட விதிப்படி, தேயும் பருமன் சுமைக்கும் நழுவிய தொலைவுக்கும் நேர்விகிதத்திலும், பொருளின் கடினத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். தேயத் தேயத் தொடுபரப்பு மாறுகிறது. அதனுடன் உராய்வும் மாறுகிறது. ஆகவே புதிதாக இருந்தபோது அமைதியாக ஓடிய இயந்திரம், நாளடைவில் நிலைப்பின் எல்லையைக் கடந்து அதிரத் தொடங்கலாம்.