பச்சை நகங்கள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு, கரும்பச்சை நகப்பூச்சு ஒன்றைப் பூசிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய பிறகு நான் வாங்கிய முதல் பச்சை. முதல் பூச்சு திட்டுத்திட்டாக விழுந்தது. அது உலரும்வரை காத்திருந்து இரண்டாவது பூச்சு போட்டதும்தான் சீசாவில் பார்த்த நிறம் நகத்தில் வந்தது. இடக்கையால் வலக்கைக்குப் பூசும்போது விரலோரத்துத் தோலெல்லாம் பச்சை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "என்னம்மா இது, நகம் செத்துப்போன மாதிரி இருக்கு" என்றார்.

சிவப்பைப் பூசியிருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். பெண்ணின் கைக்கும் காலுக்கும் சிவப்பு என்று நம் மரபு எப்போதோ முடிவுகட்டிவிட்டது. செம்பஞ்சுக் குழம்பு சிவப்பு. மருதாணியில்கூட பச்சை இலையை அரைத்து இரவெல்லாம் கையில் வைத்திருக்கிறோம். விடிந்ததும் நாம் தேடுவது சிவப்பைத்தான். நவீன நகப்பூச்சும் வெகுகாலம் இதே வழியில்தான் போனது. அமெரிக்காவில் 1917 வாக்கில் க்யூடெக்ஸ் நிறுவனம் திரவ நகப்பூச்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1932இல் ரெவ்லான் வந்தது. காருக்கு அடிக்கும் பெயின்டில் இருந்த நைட்ரோசெல்லுலோஸே இந்தச் சீசாக்களிலும் இருந்தது. இந்தியாவில் லக்மே தொடங்கியது 1952இல். எங்கும் ரோஜாவும் சிவப்பும்தான் முன்னால் நின்றன. பச்சை பின்னால் நின்ற நிறம்.

ஆனால் 'செத்த நகம்' என்று அக்கா சொன்னது எனக்குள் வேறொரு கதையைக் கிளறிவிட்டது. நவீன நகப்பூச்சு இல்லாத காலத்தில் நகம் பச்சையாகிப்போன ஒரு பெண்ணின் கதை அது.

அவள் பெயர் மெட்டில்டா ஷ்யூரர். லண்டனில் செயற்கைப் பூ செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். சீமாட்டிகள் தலையில் சூடும் மலர்க்கொத்துகளுக்குத் துணியில் இலை செய்வார்கள். அந்த இலைகள் அப்போது பறித்தவைபோலத் தெரியவேண்டும் என்பதற்காக அவற்றின்மேல் பச்சைப் பொடியைத் தூவுவது அவள் வேலை. பொடி காற்றில் பறந்தது, மூச்சில் போனது, விரலில் ஒட்டியது, அதே விரலால் சாப்பிட்டாள். 1861 நவம்பரில் இறந்தபோது அவளுக்கு வயது 19. பச்சையாக வாந்தி எடுத்தாள். கண்ணின் வெள்ளை பச்சையானது. பார்ப்பதெல்லாம் பச்சையாகத் தெரிகிறது என்றாள். அவளுடைய விரல் நகங்களும் பச்சையாகியிருந்தன. உடலை அறுத்துப் பார்த்தபோது வயிற்றிலும் ஈரலிலும் நுரையீரலிலும் ஆர்சனிக் இருந்தது.

அந்தப் பொடி செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்த கூட்டு. ஆர்சனிக் என்பது நம் ஊரில் பாஷாணம் என்கிறோமே, அதுதான். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே 1775இல் இந்த வகைப் பச்சையைக் கண்டுபிடித்தார். 1814இல் அதைவிடப் பளிச்சென்ற மரகதப் பச்சை வந்தது. அதுவரை துணிக்குப் பச்சை வேண்டுமானால் நீலச் சாயத்தையும் மஞ்சள் சாயத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றவேண்டும்; மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும். புதுப் பச்சையோ விளக்கொளியிலும் மங்கவில்லை. சுவர்த்தாளில், நடன உடையில், பொம்மையில், புத்தக அட்டையில் என்று எங்கும் அதை ஏற்றினார்கள்.

மெட்டில்டா இறந்தபின் 'பெண்கள் சுகாதாரச் சங்கம்' என்ற அமைப்பு இதைக் கையிலெடுத்தது. சங்கத்துப் பெண்கள் வசதியான வீட்டுப் பெண்கள்தாம். ஆனாலும் பட்டறைப் பெண்களின் புண்ணான கைகளைப் பற்றி அவர்கள் பேசினார்கள். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் வேதியியலாளர் ஹோஃப்மன் அந்தச் செயற்கை இலைகளைச் சோதித்தார். ஒரு தலைமாலையில் இருபது பேரைக் கொல்லும் அளவு ஆர்சனிக் இருப்பதாக, 1862 பிப்ரவரியில் 'தி டைம்ஸ்' பத்திரிகையில் எழுதினார். ஊர் பதறியது. அதே மாதம் 'பஞ்ச்' இதழ் எலும்புக்கூடு ஒன்று சீமாட்டியை நடனத்துக்கு அழைப்பதுபோலப் படம் போட்டது. அந்தப் படத்தில் நடனக் கூடம் இருக்கிறது, பட்டறை இல்லை. இலைக்குப் பொடி தூவியவள் எலும்புக்கூடாகக்கூட அதற்குள் வரவில்லை. தொழிலிடத்தில் ஆர்சனிக் நஞ்சு ஏறினால் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது 1895இல். மெட்டில்டா இறந்து 34 ஆண்டுகள் கழித்து.

என் விரலில் இருக்கும் பச்சையில் ஆர்சனிக் கிடையாது. இன்றைய பச்சைகளுக்குப் பெரும்பாலும் குரோமியம் ஆக்சைடு போன்ற நிறமிகளைச் சேர்க்கிறார்கள். ஆனாலும் நகப்பூச்சில் நிறம் மட்டுமா இருக்கிறது? டொலுவீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் என்ற மூன்றையும் சேர்த்து 'நச்சு மூவர்' என்று ஆங்கிலத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள். பல நிறுவனங்கள் இவற்றைக் கைவிட்டுவிட்டதாக அட்டையில் அச்சிடுகின்றன. வாரத்துக்கு ஒருமுறை பூசிக்கொள்பவளுக்கும் நாள் முழுக்க அடுத்தவர் நகத்துக்குப் பூசுபவளுக்கும் இது ஒரே கணக்கு அல்ல. நியூயார்க் நகரின் நக அலங்காரக் கடைகளில் பெரும்பாலும் ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் குடியேறிய பெண்களே வேலை செய்கிறார்கள். கருச்சிதைவையும் விடாத இருமலையும் பற்றி அவர்கள் சொன்னவற்றை 'நியூயார்க் டைம்ஸ்' 2015இல் வெளியிட்டது.

மறுவாரம் புருவம் திருத்த எங்கள் தெரு பார்லருக்குப் போனேன். ஏசிக்காகக் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவைத்த சின்ன அறை. உள்ளே நுழைந்ததும் ரிமூவர் நெடி தலையைச் சுற்றியது. அங்கே வேலை செய்யும் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. "இந்த வாடை உனக்கு ஒண்ணும் பண்ணலையாம்மா?" என்று கேட்டேன். "பழகிடுச்சுக்கா. சாயந்திரம் லேசா தலை வலிக்கும், அவ்வளவுதான்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "நல்ல கலர்க்கா, ஓரத்துல மட்டும் உரிஞ்சிருக்கு" என்று நூலைக் கீழே வைத்துவிட்டு, பஞ்சை ரிமூவரில் நனைத்து என் நகங்களைத் துடைக்கத் தொடங்கினாள். அவள் நகங்களில் ஒரு நிறமும் இல்லை. போட்டால் நிற்காதாம், நாளெல்லாம் அடுத்தவருக்குத் துடைக்கிற ரிமூவரிலேயே அவளுடையது கரைந்துபோய்விடுகிறதாம்.