நீலச் சீட்டு

டெல் அவிவ் அருகே பென் குரியன் விமான நிலையத்தில், குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு சின்னச் சீட்டும் தருகிறார். விசிட்டிங் கார்டைவிடச் சற்றே பெரிது, நீல நிறம். பயணியின் படம், பெயர், எந்தத் தேதி வரை தங்கலாம் என்ற விவரம் எல்லாம் அதிலேயே இருக்கும். பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. 2013 முதல் இதுதான் வழக்கம்.

அதற்கு முன்பு முத்திரை நேராகப் பக்கத்தில்தான் விழும். அந்தப் பாஸ்போர்ட்டோடு லெபனானுக்குள் போக முடியாது. சிரியாவும் ஈரானும் அப்படியே. விவரம் தெரிந்தவர்கள், “தனித்தாளில் குத்துங்கள்” என்று கவுன்ட்டரிலேயே கேட்பார்கள். சில அதிகாரிகள் மறுபேச்சில்லாமல் செய்வார்கள். வேறு சிலரோ அடுத்து எங்கே போகிறீர்கள், யாரைப் பார்க்க என்று துருவுவார்கள். இத்தனைக்கும் பிறகு பாஸ்போர்ட்டிலேயே குத்திவிடுவதும் உண்டு. பெய்ரூட்டிலும் ஜெருசலேமிலும் மாறிமாறி வேலை பார்க்கும் நிருபருக்கு அந்த ஒரு குத்து பிழைப்பையே கெடுத்துவிடும். அமெரிக்காவும் பிரிட்டனும் தம் குடிமக்கள் சிலருக்கு இரண்டாவது பாஸ்போர்ட் தருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்ளே வந்தபின் சீட்டுக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிக்கு ஓட்டல் அறையில் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. அதற்கு வரவேற்பு மேசையில் கேட்பது இதைத்தான். மேற்குக் கரையிலிருந்து திரும்பும்போது சோதனைச் சாவடியிலும் காட்டச் சொல்லலாம். தொலைத்தால் அலைச்சல்தான்.

ஆனால் சீட்டு மறைப்பதைப் பக்கத்து நாட்டு முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். தரைவழியாக எகிப்துக்குப் போனால், தாபாவில் எகிப்திய அதிகாரி பாஸ்போர்ட்டில்தான் குத்துவார். தாபாவுக்கு எதிர்ப்புறம் இஸ்ரேலின் ஏலாத். முத்திரையில் தாபா என்ற பெயர் ஒன்று போதும், பெய்ரூட் அதிகாரிக்கு எல்லாம் விளங்கிவிடும். அகபாவுக்கு அருகிலுள்ள வாதி அரபா எல்லையில் ஜோர்டான் குத்தும் முத்திரையும் இதே கதைதான். தமிழ்நாட்டிலிருந்து ஜோர்டான், இஸ்ரேல், எகிப்து என்று ஒரே சுற்றாகப் புனிதப் பயணம் போகும் கிறிஸ்தவக் குழுக்களுக்கு, கிளம்புமுன்பே இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

விதிவிலக்கு, ஜோர்டானுக்கும் மேற்குக் கரைக்கும் நடுவே ஜோர்டான் நதியின் மேலுள்ள மன்னர் ஹுசைன் பாலம். 1967 வரை மேற்குக் கரை ஜோர்டானின் ஆட்சியில் இருந்தது. 1988இல் அந்த உரிமையைக் கைவிட்ட பிறகும், அந்தப் பாலத்தை மற்ற எல்லைகளைப் போல ஜோர்டான் நடத்துவதில்லை. பயணியின் முத்திரையைத் தனித்தாளில் குத்துகிறது. அக்கரையில் இஸ்ரேலின் நீலச் சீட்டு. இரு பக்கமும் தாள்தான் என்பதால் பாஸ்போர்ட்டில் ஒரு தடமும் இல்லை. இந்த வட்டாரத்தின் தீராத பகைக்கு நடுவிலும், வந்துபோகிறவரின் அடுத்த பயணம் கெடக்கூடாது என்று இரண்டு அலுவலகங்கள் இடம்விட்டிருப்பதை நான் மனதார மதிக்கிறேன்.

பென் குரியனிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையின்போது பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் பார்கோடு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார்கள். நகத்தால் கீறினால் பாதி கிழிந்து, பசை தங்கிவிடும். துளி எண்ணெய் தொட்டு, நிதானமாகத் துடைத்தெடுக்க வேண்டும். பெய்ரூட்டுக்குப் பெட்டி கட்டுமுன் ஷெக்கல் சில்லறை, ஹீப்ரு ரசீது, பெட்டியின் கைப்பிடியில் சுற்றிய விமான டேக், புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்த அந்த நீலச் சீட்டு எல்லாவற்றையும் தேடி எடுத்து வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.