அம்மா பக்கத்தில் இருக்கும் வார்டில் கோமாளிக்கு என்ன வேலை?

மருத்துவமனைக் கோமாளியின் வரலாற்றைப் பெரும்பாலும் 1986இல் தொடங்குவார்கள். கோமாளியே இல்லாத ஒரு படத்திலிருந்து தொடங்குவதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. 1952இல் லண்டனின் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ராபர்ட்சன், சிறு அறுவைக்காக மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்தார். பிரிட்டிஷ் வார்டுகளில் பெற்றோர் குறித்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விட வேண்டிய காலம் அது. அந்தப் படம் கிளப்பிய விவாதத்தின் தொடர்ச்சியாக, 1959இல் பிரிட்டனின் பிளாட் குழு பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்கப் பரிந்துரைத்தது. நோய் தரும் துன்பம் வேறு, மருத்துவமனை தரும் கலக்கம் வேறு என்பது அப்போதுதான் மேலைநாட்டு மருத்துவத்துக்கு உறைத்தது.

1986இல் நியூயார்க்கில் பிக் ஆப்பிள் சர்க்கஸின் மைக்கேல் கிறிஸ்டென்சன், டாக்டரைக் கிண்டல் செய்யும் ‘டாக்டர்’ வேடத்தில் வார்டு சுற்றினார். சிவப்பு மூக்கு மாற்று அறுவை அவர் கண்டுபிடித்த சிகிச்சை. அதே ஆண்டு கனடாவின் வின்னிபெக் குழந்தைகள் மருத்துவமனையில் கேரன் ரிட் ‘ரோபோ’ என்ற கோமாளியாக உள்ளே வந்தார். முன்னவர் சர்க்கஸ்காரர், பின்னவர் அந்த மருத்துவமனையிலேயே குழந்தைகளின் மனநலம் பேணும் பிரிவில் பணியாற்றியவர். 1991இல் பாரிஸிலும் சாவோ பாவ்லோவிலும் குழுக்கள் எழுந்தன. நம்மூரில் இப்பேச்சை எடுத்தால், சிரிப்பால் குணப்படுத்த முயலும் சினிமா ‘வசூல்ராஜா’தான் நினைவுக்கு வருகிறார். அது வேறு சங்கதி. கோமாளி யாரையும் குணப்படுத்த வருவதில்லை.

கோவைக்கு இந்த வரலாறு அப்படியே பொருந்தாது. திருப்பூரிலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அம்மா கட்டிலோரத்தில், அம்மிச்சி கீழே பாயில், அப்பாரு வராந்தாவில். பிரிவு என்பது இங்கே முதல் துன்பமே அல்ல. நரம்பில் மருந்து ஏற்றுவதற்கான வென்ஃப்ளான் ஊசியைப் போட சிஸ்டர் வரும்போது கையை அமுக்கிப் பிடிப்பவளும் அம்மாதான், அழுபவளும் அவள்தான். பிள்ளை ஊசியைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிடுகிறது.

அம்மா இருந்தால் போதாதா என்பதற்கு 2005இல் ஃப்ளாரன்ஸில் வன்யோலி குழுவினர் வெளியிட்ட ஆய்வு பதில் சொல்கிறது. சிறு அறுவைக்கு வந்த 5 முதல் 12 வயது வரையிலான 40 குழந்தைகள். பாதிப் பேருடன் பெற்றோரில் ஒருவர் மட்டும், மீதிப் பேருடன் பெற்றோரோடு கோமாளிகளும் மயக்க மருந்து கொடுக்கும் அறைவரை சென்றார்கள். கோமாளி உடனிருந்தவர்களுக்குப் பதற்றம் குறைவாக இருந்தது. பலனை ஒப்புக்கொண்ட மருத்துவ ஊழியர்களே, வேலைக்கு இடைஞ்சல் என்று சொல்லி, அந்த அறையில் இதைத் தொடர விரும்பவில்லை! 2020இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு 24 ஆய்வுகளையும் 1,612 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டு, பதற்றம் குறைவதையே மீண்டும் காட்டியது.

தமிழகத்தில் இதை நாடகக்காரர்கள்தான் கையிலெடுத்தார்கள். 1991இல் ஆயிஷா ராவ் சென்னையில் தொடங்கிய ‘தி லிட்டில் தியேட்டர்’, குழந்தை நாடகங்களுக்குப் பேர்போனது. அதன் நடிகர்கள் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குக் கோமாளிகளாகப் போனார்கள். புதுச்சேரி வட்டாரத்தில் ஃபிஃப் ஃபெர்னாண்டஸும் ஹாமிஷ் பாய்டும் ‘மெடிகிளவுன்’ பயிற்சியை நடத்தினர்.

இக்கலையின் நுட்பம் வேடிக்கையில் இல்லை, கீழே இறங்குவதில் இருக்கிறது. வரலாமா என்று கோமாளி வாசலில் நின்று கேட்கிறான். வேண்டாம் என்று பிள்ளை தலையாட்டினால் திரும்பிவிடுகிறான். ஊசி முதல் மாத்திரை வரை எதையும் மறுக்க முடியாத அந்த இடத்தில் பிள்ளை சொல்லி நடக்கும் ஒரே காரியம் அது. ஊசியைக் கண்டால் அவன் பிள்ளையின் கட்டிலுக்குப் பின்னால் ஒளிகிறான், அம்மா சிரித்துவிடுகிறாள், அமுக்கிய பிடி தளர்கிறது.

கொங்கு வட்டாரத்துக்கு இது அந்நியமான வித்தையும் இல்லை. சேலம், ஈரோடு பக்கத்துத் தெருக்கூத்தில் கோமாளி, ராஜாவுக்கும் சபைக்கும் நடுவில் எல்லோருக்கும் கீழானவனாக நின்றுதான் எல்லோரையும் ஆட்டிவைக்கிறான். பிள்ளையைச் ‘சாமி’ என்றழைத்து, ‘வாங்க’ என்று மரியாதையும் கொடுக்கும் பேச்சு ஏற்கெனவே அவன் நாவில் இருக்கிறது. அவனை வார்டுக்கு அழைத்து வருவதென்றால், கை கழுவுவது, தொற்று பரவாமல் நடந்துகொள்வது, சிஸ்டரின் வேலையை மறிக்காமல் நிற்பது ஆகியவற்றை அவனுக்குக் கற்றுத்தர வேண்டும். கூத்து இல்லாத மாதங்களில் கூலி வேலைக்குப் போகும் கலைஞனுக்கு அதற்கான சம்பளத்தையும் யாராவது ஒதுக்க வேண்டும்.